வரிசையில் கடைசி ஆள்

பொரித்த மீனுக்கு நிற்கும் வரிசையில் வெர்லின் ஹாக்கெட் இப்போது தனக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்தை முன்னே போகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்பு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் போனார். அவருக்கும் முன்பு, எங்கள் ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு லாரி ஓட்டுநர் போனார். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் முன்னாள் படைவீரர் மன்றத்தில் நடக்கும் மீன் விருந்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர் இவர். கெளுத்தி மீன் தீர்ந்து, முட்டைக்கோஸும் சோள உருண்டையும் மட்டும் மிஞ்சிய பிறகுதான் தட்டை நீட்டுவார். கேட்டால், "பெரிசா பசி இல்ல மேடம்" என்பார். அவர் வயிறு இரைவது அடுத்த மேசை வரைக்கும் கேட்கும்.

பட்டாளத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கீழே இருக்கிற பையன்கள் முதலில் சாப்பிட வேண்டும், சார்ஜென்ட் கடைசியில் சாப்பிட வேண்டும். நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் வெர்லின் சீருடையைக் கழற்றிப் பல வருஷம் ஆகிறது. இன்று அவருக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு கிழட்டு வேட்டை நாய். அதுகூட அவர் சொன்னால் கேட்பதில்லை. என்றாலும் தபால் நிலையத்தில், மருந்துக் கடையில், முடிவெட்டும் கடையில் எங்கே போனாலும் இவர் கடைசி ஆள். நாலு பக்கமும் நின்று போகவேண்டிய சந்திப்பில் எல்லா வண்டிகளையும் கைகாட்டி அனுப்பிக்கொண்டே இவர் நிற்பார். பின்னால் மாட்டிக்கொண்ட நாங்கள் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் மாவட்ட நீதிமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில், முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுத உதவும் மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். நானும் பட்டாளத்தில் இருந்தவள்தான். சாமான் கிடங்கு, கார்ப்பரல். பதவியில் வெர்லின் என்னைவிடப் பெரியவர், வயதில் நான் அவரைவிடப் பெரியவள். கென்டக்கியில் ஒழுங்காக வளர்ந்த பிள்ளை என்பதால் என்னை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். "மார்லான்னு பேரைச் சொல்லிக் கூப்பிடு, தொண்டை ஒண்ணும் கெட்டுடாது" என்று கத்தியும் பார்த்துவிட்டேன். "சரிங்க மேடம்" என்றார்.

ஒல்லியான ஆள். கழுத்து மட்டும் உடம்புக்கு மீறிய கனம். நகக்கண்களில் ரப்பர் கருப்பு ஏறியிருக்கும், எந்தச் சோப்புக்கும் அது போகாது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் மாற்றும் கடையில் வேலை. ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் டயரை நிமிர்த்தி, உருட்டி, இரும்பால் நெம்பி, விளிம்பிலிருந்து பிரித்து, ஒட்டுப்போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். நல்ல முதுகு உள்ளவனே மாலையில் கூன் போட்டு வீட்டுக்குப் போவான். வெர்லினுடைய முதுகின் கதை வேறு.

ஆப்கானிஸ்தானில் ஒரு மலைச்சரிவில் இவர் இருந்த ஹெலிகாப்டர் தரையிறங்கியது. இறங்கியது என்று சொல்வது வெர்லின். "கொஞ்சம் பலமா இறங்கிடுச்சு மேடம்." மற்றவர்கள் அதை விழுந்தது என்று சொல்கிறார்கள். இடுப்புக்கு மேலே டிஸ்க் நசுங்கியது, வலது முழங்கால் பெயர்ந்தது. இப்போது வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை பாதி நாள் உணர்ச்சி இருக்காது, மீதி நாள் எரியும். டயர் கடையை விடாவிட்டால் அந்தக் கால் மொத்தமாகப் போய்விடும் என்று அறுவை சிகிச்சை மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெர்லின் அவருக்கு நன்றி சொல்லி, கைகுலுக்கி, அங்கிருந்து நேராக டயர் கடைக்கு வேலைக்குப் போனார்.

இவருக்குக் கால் போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் என் ரத்தக் கொதிப்புக்கு மூல காரணம். போரில் உடம்பு கெட்டவர்களுக்கு, மிச்சமிருக்கும் உடம்போடு செய்யக்கூடிய வேறொரு தொழிலைக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் ஏற்பாடு வைத்திருக்கிறது. கல்லூரிக் கட்டணம், புத்தகம், கருவி, படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை எல்லாம் உண்டு. ஆனால் உடம்பு கெட்டிருந்தால் மட்டும் போதாது. அது பிழைப்புக்குத் தடையாக இருக்கிறது என்று ஓர் ஆலோசகர் எதிரே உட்கார்ந்து கேட்டு, நம்பி, ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் படுத்துக் கிடந்தால் தடை பளிச்சென்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறவனிடம், உனக்கு என்ன தடை என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

வெர்லினுக்கு வராத ஒரே வித்தை அதுதான்.

அவருக்கு என்ன படிக்க ஆசை என்பதைக்கூட அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. பீரங்கிப் படையில், குண்டு எங்கே போய் விழும் என்று வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் அவர். அந்தப் பித்து இன்னும் விடவில்லை. எல்லோரும் கைபேசியில் வழி பார்க்கும் காலத்தில் இவருடைய சின்ன பிக்கப் லாரியின் முன்பக்கத்தில் மாவட்ட வரைபடம் மடித்து வைத்திருக்கும். புதிதாக வெட்டிய மண்பாதை, வெள்ளத்தில் போன மரப்பாலம், யாரோ வேலி போட்டு அடைத்த குறுக்கு வழி எல்லாவற்றையும் அதில் பென்சிலால் திருத்தி வைத்திருப்பார். ஒருமுறை மலைக்குப் பின்னால் நடந்த ஒரு சாவுக்குப் போக வழி கேட்டேன். காகித நாப்கினில் ஓடை, மேடு, சரிவு, நாய் கடிக்கும் வீடு சகிதம் வரைந்து கொடுத்தார். ஊர்க் கல்லூரியில் நில அளவைக்கும் வரைபடத்துக்கும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலை. இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்குகிறது. அந்தக் கல்லூரியின் விளம்பரத் தாள் அவருடைய வரைபடத்தின் மடிப்புக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டேன்.

"சும்மா மேடம். வண்டிக்குள்ள பறந்து வந்து விழுந்துடுச்சு."

ஜன்னலை மூடியே ஓட்டுகிற மனிதர் இதைச் சொன்னார்.

மனுவை நானே எழுதினேன். நகரத்தில் இருக்கும் மறுவாழ்வு அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாள் முன்பதிவு இல்லாமல் போய் ஆலோசகரைப் பார்க்கலாம். போய்விட்டு வா என்று அனுப்பினேன். கடை முதலாளியிடம் விடுப்புக் கேட்டு, இருட்டில் கிளம்பி, கதவு திறக்கும் முன்பே போய் நின்றிருக்கிறார். மாலையில் என் அறைக்கு வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"பாக்கல மேடம்."

"ஏன், ஆபீஸ் மூடியிருந்துச்சா?"

"இல்ல, தெறந்துதான் இருந்துச்சு. ஆக்சிஜன் குழாயோட ஒரு பெரியவர் வந்தாரு. அவரை முன்னாடி விட்டேன். அப்புறம் கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. மரைன் படைக்காரி, பாவம். அப்புறம் ஒரு பையன், ஊன்றுகோல் வச்சிருந்தான்..."

"நீ எத்தனையாவது ஆளாப் போனே?"

"முதல் ஆளா."

"உள்ள போனது?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "எனக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கும்போது நேரம் முடிஞ்சுடுச்சு மேடம். எல்லாருமே ரொம்ப நல்ல பசங்க."

எனக்கு வந்த கோபத்தில் மேசை மேலிருந்த துளைபோடும் இயந்திரத்தை எடுத்து எறிந்திருப்பேன். அது அரசாங்கச் சொத்து என்பதால் விட்டுவிட்டேன். இது மீன் வரிசை இல்லை, நீ ஒரு தட்டு வாங்கினால் இன்னொருவனுக்குத் தட்டு குறையாது, தகுதி இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் இது உண்டு என்று நான் விளக்கோ விளக்கென்று விளக்கினேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னார்: "இருந்தாலும் மேடம், கால் இல்லாதவன் ஒருத்தன் வெளியில நிக்கும்போது நான் உள்ள போய் உக்கார்றது நல்லாவா இருக்கும்?"

இத்தனைக்கும் அடுத்தவன் வலி என்றால் இந்த மனிதருக்கு வாய் திறந்துகொள்ளும். என்னிடம் வரும் கிழவர்களில் பாதிப் பேரைத் தன் லாரியில் ஏற்றி வருவதே இவர்தான். வியட்நாமில் காது போன பர்ல் ஸ்டாம்பருக்காக என் மேசை முன்னால் நின்று வக்கீல் மாதிரி வாதாடினார். "இந்த மனுஷன் ராத்திரி தூங்கறதில்ல மேடம். காதுல ஒரு விசில் ஓயாம அடிக்குது. பொண்டாட்டி பேசறது எதுவும் கேக்கறதில்ல."

"டேய், பொண்டாட்டி பேச்சு கேக்காததைக் குறைன்னு சொல்லிடாதே" என்றார் பர்ல். காது கேட்காத ஆளுக்கு அது மட்டும் கேட்டுவிட்டது.

இரண்டாவது தடவை நான் முன்பதிவு செய்து கொடுத்தேன். அவர் பெயருக்கு, அவர் நேரத்துக்கு. இனி யாரை முன்னே விடுவார் பார்க்கலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆலோசகர் திருமதி இங்க்ரம் பொறுமைசாலி, நல்ல பெண்மணி என்று பெயரெடுத்தவர். வெர்லின் உள்ளே போனார், பேசினார், வெளியே வந்தார். சில வாரங்களில் பதில் வந்தது. இப்போது செய்யும் வேலையை மனுதாரர் சிரமமின்றிச் செய்வதாகத் தெரிவிக்கிறார், எனவே வேலைக்குத் தடை இருப்பதாகக் கொள்ள இயலவில்லை.

கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே? ஒண்ணு விடாம சொல்லு."

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. நல்லா இருக்கேன்னேன்."

"சரி."

"வேலை எப்படிப் போகுதுன்னாங்க. நல்லாப் போகுதுன்னேன். செய்ய முடியாத வேலை ஏதாச்சும் இருக்கான்னாங்க. சொன்னாச் செஞ்சுடுவேன்னேன்."

"நாசமாப் போச்சு. வலி?"

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லச் சொன்னாங்க. ரெண்டுன்னேன்."

"ரெண்டா! நிக்கவே முடியாம இந்தச் சுவரைப் புடிச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேனே, வெர்லின்! அதுவா ரெண்டு?"

"ஹெலிகாப்டர் இறங்கின அன்னிக்கு என் பக்கத்துல கேல்வின்னு ஒரு பையன் உக்காந்திருந்தான் மேடம். ரெண்டு காலும் போயிடுச்சு. அவன் கத்தினது இருக்கே, அதுதான் பத்து. அதைக் கேட்டுட்டு வந்தவன் நான் எனக்கு என்ன நம்பர் சொல்றது?"

அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. "வேற ஏதாச்சும் நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"கிளம்பறப்ப அவங்க அறையில ஒரு இரும்பு அலமாரி ஜன்னலை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. ரொம்ப நாளா நகர்த்த ஆளில்லன்னாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நகர்த்திக் குடுத்தேன் மேடம். இப்போ நல்ல வெளிச்சம்."

அந்த வெளிச்சத்துக்கு அவர் கொடுத்த விலை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய மனைவி ட்வைலா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். வாயாடி. வீட்டில் பேச வேண்டிய இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசுகிறாள். அன்று வீடு திரும்பிய வெர்லின் சமையலறைத் தரையில் படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லையாம். "அவன் பக்கத்துல நாயும் படுத்துக்கிச்சு மார்லா. ரெண்டும் தரையில கிடந்து என் மூஞ்சியையே பாக்குது. நான் ரெண்டையும் தாண்டித் தாண்டிச் சமைக்கிறேன். கடைக்குப் போன் பண்ணி வயித்துப்போக்குன்னு சொல்லச் சொல்றான். முதுகுன்னு சொன்னா மானம் போயிடுமாம், வயித்துப்போக்குன்னா போகாதாம். நான் இந்த மனுஷனை வச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதாள்.

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டேன். மருத்துவரிடமும் ஒரு கடிதம் வாங்கி வைத்தேன். ஆனாலும் எதிரே உட்கார்ந்து பேச வேண்டியது இவர். அதனால் ஒத்திகை வைத்தேன். என் நாற்காலியில் நான் திருமதி இங்க்ரமாக உட்கார்ந்துகொண்டேன்.

"மிஸ்டர் ஹாக்கெட், காலையில எப்படி எழுந்திருப்பீங்க?"

"கண்ணைத் தெறந்து, மேடம்."

"உன் கொழுப்புக்கு ஒரு அளவே இல்லையா? கட்டில்லேர்ந்து எப்படி இறங்குவேன்னு கேக்கறேன்!"

"மெதுவா."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா? புரண்டு, முட்டி போட்டு, கட்டில் காலைப் புடிச்சு, எல்லாத்தையும் சொல்லு. உன் மோசமான நாளைச் சொல்லு. நல்ல நாளைச் சொல்லவா பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போற?"

"மோசமான நாள்னா..." என்று தொடங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "சமாளிச்சுக்கலாம் மேடம்."

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒருவழியாக ஒப்பித்தார். காலில் உணர்ச்சி இல்லை, ராத்திரி தூக்கம் இல்லை, போன மாதம் கடையில் விழுந்தேன். இப்படியே சொல்ல வேண்டும், ஒரு எழுத்துக் குறையக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கதவு வரைக்கும் போனவர் திரும்பி, "மேடம், இதெல்லாம் புகார் சொல்றமாதிரி இருக்காதா?" என்று கேட்டார்.

"புகார்தான் சொல்லணும், போய்த் தொலை!" என்று நான் கத்தியது மேல்மாடி நீதிபதிக்குக் கேட்டதாக அவருடைய குமாஸ்தா சொன்னார்.

மறுபரிசீலனை ஆகஸ்டில் வந்தது. இந்த முறை அனுமதி கிடைக்கவில்லை என்றால் கல்லூரியில் இந்த வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் டயர் கடை என்றால் அந்தக் கால் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் நானும் கூடப் போனேன், ட்வைலாவும் வந்தாள். லாரியை நான் ஓட்டுகிறேன் என்றேன். சாவியைத் தரவில்லை. வழியெல்லாம் சந்திப்புக்குச் சந்திப்பு ஊரை முன்னே விட்டார். ட்வைலா பின் இருக்கையிலிருந்து, "வெர்லின், அந்தக் குதிரை வண்டியையும் கூப்பிட்டு முன்னாடி விட்டுடேன்" என்றாள். மோட்டார் வண்டி ஓட்டாத ஆமிஷ்காரர்களின் குதிரை வண்டி ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. வெர்லின் நிஜமாகவே அதற்காக நின்றார்.

மாடிப்படி ஏறும்போது அவருடைய வலது பூட்ஸின் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. "கட்டிக்கோ, தடுக்கி விழுந்து வைக்கப் போற" என்றேன். "அப்புறம் மேடம்" என்றார். காத்திருக்கும் இடத்தில் மறுபடி சொன்னேன். ட்வைலா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பதுபோல. அவள் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ட்வைலா பேசாமல் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு இருந்த பதற்றத்தில், இன்றைக்குக்கூட ஒரு சொல்லைக் கேட்க மாட்டேன் என்கிறாரே என்றுதான் எரிந்தது.

திருமதி இங்க்ரம் எழுந்து வந்து கைகொடுத்தார். அறை வெளிச்சமாக இருந்தது. மருத்துவரின் கடிதத்தைப் படித்தார். நான் வாயைத் திறந்தேன். "அவரே சொல்லட்டும், மார்லா" என்று மென்மையாகத் தடுத்துவிட்டார்.

"மிஸ்டர் ஹாக்கெட், போன தடவை நீங்க சொன்னதுல ஏதாவது மாத்திச் சொல்லணுமா?"

வெர்லின் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். அந்த ஒப்பித்தல் அவர் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். வந்தது அப்படியே நின்றது.

"கால் கொஞ்சம் மரத்துப்போகும் மேடம். சமாளிச்சுக்கறேன்."

"வேலையில?"

"முதலாளி நல்ல மனுஷன். குறை சொல்றதுக்கு எதுவுமில்ல."

"வீட்டுல, தினப்படி காரியங்கள்ல?"

"எல்லாம் நடக்குது மேடம்."

மேசைக்கு அடியில் நான் என் கையை நானே கிள்ளிக்கொண்டேன். சத்தியம் வாங்கியது, கத்தியது, மருத்துவரின் பின்னால் நாயாக அலைந்தது எல்லாம் ஒரு 'நடக்குது மேடம்' என்பதில் முடிந்துபோனது. அவர்மீது எனக்கு அவ்வளவு ஆத்திரம், அவருக்காக அவ்வளவு அழுகை. திருமதி இங்க்ரம் எழுதுவதை நிறுத்தினார். அவருக்கும் வருத்தம்தான். சொல்லாததை அவர் எப்படி எழுதுவார்? காகிதங்களை ஒழுங்குபடுத்தி, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது.

"உங்க லேஸ் அவிழ்ந்திருக்கு, மிஸ்டர் ஹாக்கெட். படிக்கட்டு செங்குத்து. கட்டிக்கிட்டே போங்க."

"வண்டிக்குப் போய் கட்டிக்கறேன் மேடம்."

"பரவாயில்ல, எனக்கு அவசரமில்ல" என்றார் அவர் சாதாரணமாக.

வெர்லின் பூட்ஸைப் பார்த்தார். வலது கையை முழங்கால்மேல் வைத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. இன்னும் ஓர் அங்குலம் முயன்றார். உதட்டுக்கு மேலே வியர்வை துளிர்த்தது, முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு, வந்த வழியே மெல்ல நிமிர்ந்தார். திருமதி இங்க்ரம் மறுபடியும் உட்கார்ந்தார்.

நான் ட்வைலாவைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் அந்த லேஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிவிடக் கை பரபரத்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெளி ஆட்கள் முன்னால் கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. அவ்வளவு பேசுகிறவள், இதை மட்டும் சொன்னதில்லை.

வெர்லின் மரத்துப்போன வலது காலைத் தொடையைப் பிடித்துத் தூக்கி முன்னால் நகர்த்தினார்.

"ட்வைலா" என்றார்.

அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவர் முன்னால் மண்டியிட்டாள். பழகிய கை. பூட்ஸின் நாக்கை நேராக இழுத்து, லேஸை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டாள். இவ்வளவு நேரமும் அவர் தரையையோ சுவரையோ பார்க்கவில்லை. அணிவகுப்பில் நிற்கிறவர்போல் திருமதி இங்க்ரமின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"தினமும் இப்படித்தானா, மிஸ்டர் ஹாக்கெட்?" என்று கேட்டார் அவர், மிகத் தாழ்ந்த குரலில்.

வெர்லின் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டு, லேஸ் அவிழாமல், அதே இரட்டை முடிச்சோடு இறுக்கமாகவே இருந்த இடது பூட்ஸையும் மெல்ல முன்னால் நகர்த்தி, ட்வைலாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.